பீரோவுக்குள் இருந்த பாலன்

2022 கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் குடில் இரண்டாம் பரிசு வாங்கியது. சீரியல் செட், பச்சைத்தாள் மலை, கேழ்வரகு விதைத்து வளர்த்த வயல், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், அதில் இரண்டு வாத்து. குழந்தை இயேசு மட்டும் இல்லை. அவர் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு நடுவே, பழைய தினசரியில் சுற்றிக் கிடந்தார். அந்த வீட்டுக்காரிதான் இதை எழுதுகிறவள்.

திருவருகைக் காலம் முழுக்கக் குடிலில் தீவனத்தொட்டி காலியாகவே இருக்கும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து பாலன் சுரூபத்தை வைப்பது அந்த வீட்டு வழக்கம். அன்று திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கி மணிகள் அடித்தபோது, கோயில் குடிலின் திரை விலகியது. இவளோ ரெண்டு கிலோ மட்டனுக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படி.

மறுநாள் நடுவர்கள் வந்தார்கள், விளக்கை எண்ணினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். நாலு பேரில் ஒருவருக்குக்கூடத் தொட்டி கண்ணில் படவில்லை. (பரிசாகத் தந்த எவர்சில்வர் தூக்குவாளி இன்னும் பரணில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தரலாம்.) சாயங்காலம் பலகாரத் தட்டு வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா வருஷம் தவறாமல் கொலு வைப்பவர். பார்த்த மாத்திரத்தில் கேட்டார்: "என்ன டீச்சர், நடுவுல ஒரு பொம்மை குறையுதே?"

கணவர் சமாதானம் சொன்னார். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோல், தீவனத்தொட்டி, மாடு, கழுதை இவ்வளவுதானாம். சரிதான். ஆனால் அங்கே அந்தத் தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. இங்கே பிரியாணி நடந்தது.

தப்பு எங்கே என்று பிறகு யோசித்தாள். சுரூபத்தை மறந்ததில் இல்லை. நவம்பரிலேயே மதினி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "கடை அதிரசத்தையா சொந்தக்காரங்களுக்குக் குடுப்பாங்க?" அந்த ஒரு வார்த்தைக்காக இருபத்திரண்டு வீட்டுக்கு முந்திரிக்கொத்து, அதிரசம், அச்சுமுறுக்கு. மூன்று இரவு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள். பாகுப் பதம் தவறி ஒரு ஈடு அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோக, மறுபடி மாவு இடித்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போக நேரமில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மதினி இருப்பார். அவருக்குப் பதில் சொல்லக் கிளம்பினால் டிசம்பர் முழுக்க அடுப்படியில்தான்.

அடுத்த வருஷம் பதில் சொல்லும் வேலையை மழை எடுத்துக்கொண்டது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டித் தீர்த்ததில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடித் தெருக்களில் படகு ஓடியது. இந்த வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மாவு, சீனி, குடில் பெட்டி எல்லாம் போயின. பீரோவின் மேல்தட்டுக்கு ஏறியிருந்த பாலன் மட்டும் நனையவில்லை. அந்த வருஷம் டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருவருகைக் காலத்தின் நாலாவது மெழுகுவத்தி, அன்றிரவே பிறப்பு. ஒரு சுளகில் பழைய நூல்சேலையை மடித்துப் பாலனைக் கிடத்தினார்கள். பலகாரம் இல்லை. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பையன் முழுதாக வாசித்தான். இவள் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

இப்போது வீட்டில் நடப்பது இதுதான். நட்சத்திரம், கேக் சமாசாரம் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள். திருவருகைக் காலத்தில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பத்து நிமிஷம் வாசகம். ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிற்றுக்கு ரோஸ் ஒன்று. பலகாரம் கடையில்தான். அதுவும் 26-க்குப் பிறகுதான் வீடு வீடாகப் போகும். ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்துபிறப்புக் காலம் இருக்கும்போது எதற்கு அவசரம்? போட்டிக்குப் பேர் கொடுப்பதில்லை. பாலன் இப்போது பீரோவில் இல்லை, கோயிலுக்குக் கொண்டுபோகும் கைப்பையில், வீட்டுச் சாவியோடு. கதவைத் திறக்கச் சாவியைத் துழாவினால் முதலில் கையில் தட்டுப்படுவது அவர்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு மதினி வந்திருந்தார். கடை அதிரசத்தைப் பிட்டுப் பார்த்து, எண்ணெய் சிக்குது என்றார். நாலு சாப்பிட்டார். இவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.