முரளியின் முழங்கையும் உங்கள் ஹியரிங்கும்

"நான் சொல்லுறது முழுக்க உண்மை. பிறகேன் பேப்பர் கேக்கினம்?" புதிதாக மொன்றியலுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்குச் சட்டப் புத்தகத்தை விட, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு வீரரின் கதையில் நல்ல பதில் இருக்கிறது.

முத்தையா முரளிதரன் 1972ல் கண்டியில் பிறந்தவர். பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர், தகப்பன் பிஸ்கற் தொழில் நடத்தியவர். 133 டெஸ்ற் போட்டிகளில் 800 விக்கெற் எடுத்து, 2010ல் காலியில் ஓய்வு பெற்றார். அவருடைய அரசியல் பேச்சுக்கள் எங்கட சனத்தில் கனபேரை நோகப்பண்ணியவை. அந்தக் கோபம் உள்ளவர்களும் இந்தக் கதையை மட்டும் கேளுங்கோ. இது அவருடைய முழங்கையைப் பற்றியது.

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது மடித்த முழங்கையை நிமிர்த்தி எறியக் கூடாது. முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. தோளும் மணிக்கட்டும் வேகமாகச் சுழலும்போது, பார்க்கிற கண்ணுக்கு அவர் எறிவது போலத் தெரியும். 1995 டிசம்பர் 26ம் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவருக்குள் ஏழு முறை 'நோ போல்' என்று கையை நீட்டினார். அணித்தலைவர் முரளியை மற்றப் பக்கத்திலிருந்து பந்து வீச விட்டார். அங்கே நின்ற நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. அதே கை, அதே பந்து!

பத்து நாள் கழித்து பிறிஸ்பேனில் இன்னொரு நடுவரும் இதையே செய்தார். அங்கேதான் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று நடந்தது. முரளி தன்னுடைய வழமையான பந்தை விட்டுவிட்டு, 'லெக் பிறேக்' என்ற வேறுவகைப் பந்தை வீசிப் பார்த்தார். அந்தப் பந்தை எறிந்து போடுவது மிகக் கடினம் என்று கிரிக்கெட் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்கும் 'நோ போல்' தான்.

ஹியரிங்கில் எங்கட ஆக்கள் செய்வதும் இதுதான். போர்ட் உறுப்பினர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டவுடன், 'நம்பவில்லைப் போல' என்று பயந்து பதிலை மாற்றிச் சொல்லுவார்கள். முதல் சொன்னது உண்மையாக இருக்கும், இரண்டாவது சொன்னதுதான் கோரிக்கையைக் கெடுக்கும். உண்மையைச் சொன்னீர்கள் என்றால் அதையே திரும்பச் சொல்லுங்கள். திகதி ஞாபகம் இல்லையென்றால் 'ஞாபகம் இல்லை' என்று சொல்லலாம். அது குற்றமில்லை.

முரளி என்ன செய்தார்? 'என்னை நம்புங்கோ' என்று சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. 1996ல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் பரிசோதனைக்குப் போனார். கமராக்கள் வைத்துக் கையை அளந்தார்கள். எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது, சர்வதேச கிரிக்கெட் சபை அவரை விளையாட விட்டது. பிரச்சினை அத்தோடு முடியவுமில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் திரும்பவும் 'நோ போல்'. அன்று அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முழு அணியையும் எல்லைக்கோட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். 2004ல் முரளி கை நிமிர முடியாதபடி உருக்குக் கம்பி வைத்த பட்டியைக் கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன் அதே பந்துகளை வீசிக் காட்டினார்.

உங்கள் பரிசோதனைக் கூடம் எது?

கனடாவில் சத்தியம் செய்து சொல்வதை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மையென்றே எடுக்க வேண்டும். 1979ல் மல்டொனாடோ என்பவரின் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் விமான நிலையத்தில் ஒரு திகதியும் பி.ஓ.சி. ஃபோர்மில் வேறு திகதியும் இருந்தால், காரணம் வந்துவிடும். அதோடு, நீங்கள் யார் என்பதற்கும் என்ன நடந்தது என்பதற்கும் ஆவணம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை, எடுப்பதற்கு என்ன முயற்சி செய்தீர்கள் என்று விளக்க வேண்டும் என்பது போர்ட்டின் விதி. ஊருக்கு அனுப்பிய செய்தி, பதில் வராத ஈமெயில், தபால் ரசீது எல்லாம் அந்த முயற்சிக்கு அத்தாட்சி. எறிய வேண்டாம்.

உடம்பில் காயத் தழும்பு இருந்தால் இங்கே ஒரு வைத்தியரிடம் காட்டி, அது எப்படிப்பட்ட தழும்பு என்று கடிதம் எடுங்கள். முரளியின் கையை அளந்தது போல, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து எழுதியது அது. நித்திரை இல்லை, யோசனை, பழைய ஞாபகம் வந்து கதைக்க முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். ஹியரிங்கில் இடைவேளை போன்ற வசதிகள் கேட்பதற்கும் அந்தக் கடிதம் உதவும்.

கிராம சேவகர், பாதிரியார், ஜே.பி. தரும் கடிதங்களில் கனக்க ஒரே வசனமாக இருக்கும். பெயர் மட்டும் மாறும். அப்படி ஐந்து கடிதத்தை விட, நடந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் தன் அடையாள அட்டைப் பிரதியுடன் எழுதிய ஒரு கடிதம் மேல். 'காசு தந்தால் கடிதம் எடுத்துத் தாறன்' என்று யாரும் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு போலி பிடிபட்டால் உண்மையான பத்தும் சந்தேகத்துக்குள் போய்விடும். தமிழில் உள்ள எல்லாவற்றையும் பிரெஞ்சில் அல்லது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியுடன், ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் கொடுக்க வேண்டும்.

பாதகமானதையும் சொல்லுங்கள்

முரளியின் 2004ம் ஆண்டுப் பரிசோதனை அவருக்கு முழுச் சாதகமாக வரவில்லை. 'தூஸ்ரா' என்ற பந்தில் முழங்கை, அப்போது சுழல் பந்துக்கு அனுமதித்த 5 பாகையைத் தாண்டி நிமிர்ந்தது. அந்தப் பந்தை வீச வேண்டாம் என்றார்கள். ஆனால் மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது பெரும்பாலானவர்களின் கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. 2005 மார்ச்சில் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. அளக்க விடாமல் ஒளித்திருந்தால் அந்த மாற்றத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இருந்திராது.

முன்பு விசா மறுத்தது, வேறு நாட்டில் இருந்தது, பொய்ப் பாஸ்போட்டில் வந்தது, அமெரிக்கா வழியாக வந்தது: இவற்றை உங்கள் லோயரிடம் முதல் நாளே சொல்லுங்கள். சட்டப்படி இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு விளைவு உண்டு, அதை அவர்தான் பார்க்க வேண்டும். பொய்ப் பாஸ்போட்டில் வந்தது மட்டுமே கோரிக்கையை மறுக்கக் காரணம் ஆகாது. மறைத்துப் பிடிபட்டால்தான் வில்லங்கம். லோயருக்குக் காசில்லை என்றால் கியூபெக் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம், வருமானம் குறைந்த அகதிக் கோரிக்கையாளருக்கும் அது உண்டு.

வேலைக்கும் இதே பழக்கம்தான். வேலை செய்த நாள், மணித்தியாலம், வாங்கிய காசு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சம்பளம் தராமல் விட்டால் சி.என்.இ.எஸ்.எஸ்.டி.யிடம் முறையிட ஒரு வருடம் அவகாசம் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

இப்போது பல ஹியரிங்குகள் கணினி வழியாக நடக்கின்றன. மொழிபெயர்ப்பாளரைப் போர்ட் இலவசமாகத் தரும். சில நேரம் அவர் இந்தியத் தமிழ் பேசுபவராக இருப்பார். அவர் சொல்வது உங்களுக்கு விளங்கவில்லை, அல்லது நீங்கள் சொல்வது அவருக்கு விளங்கவில்லை என்று தெரிந்தால், தொடக்கத்திலேயே கையை உயர்த்திச் சொல்லுங்கள். ஹியரிங் முடிந்த பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.