பெசன்ட் நகர்க் கரையில் ஆமைக் காவல்

அகநானூற்று 160-ஆம் பாட்டிலே, அடும்பங்கொடி படர்ந்த வெண்மணலில் பெண்ணாமை மறைத்துப் புதைத்த முட்டைகளை, அவை குஞ்சாகுமளவும் ஆணாமை காத்து நிற்குமென்ற செய்தி வருகின்றது. பாடியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். இக்கால உயிர்நூலார் கண்டதோ வேறு. கடலாமைகளுள் ஆண் முட்டையைக் காப்பதில்லை. பெண்ணும் முட்டையை மணலால் மூடியபின் கடலுக்கு மீண்டுவிடும். அங்ஙனமாயின், அவற்றைக் காப்பார் யாவர்?

நம் நகரில் இக்காவலை மேற்கொண்டோர் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர். 1970-களின் முற்பகுதியில் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் தொடங்கிய இராநடையை, 1988 முதல் மாணவர்கள் இவ்வமைப்பின் வாயிலாக நடத்தி வருகின்றனர். தை முதல் பங்குனி ஈறாக, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமையின் சுவட்டைத் தேடுகின்றனர்.

ஒரு குழியில் 100-க்கு மேற்பட்ட முட்டைகள் இருப்பதுண்டு. விட்டுவைத்தால் நாய்கள் அகழ்ந்து தின்னும். ஆதலின் அன்றிரவே அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொணர்ந்து, தாய் தோண்டிய ஆழமும் வடிவமும் மாறாமல் குழி செய்து மீண்டும் புதைக்கின்றனர். காலந்தாழ்த்திப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழியும். ஏறத்தாழ 45 நாட்களுக்குப்பின் குஞ்சுகள் வெளிப்படும். மணலின் வெப்பம் மிகின் பெண்ணும், குறையின் ஆணும் மிகுதியாகும் என்பது வியப்பே.

இரவில் வெளிப்படும் குஞ்சு ஒளியை நாடிச் செல்லும். முற்காலத்தில் இருண்ட கரையினின்று நோக்கக் கடலின் அடிவானமே ஒளியுடைத்தாயிருந்தது; இக்காலத்திலோ தெருவிளக்குகள் அதனினும் ஒளிர்வதால், அது நகரை நோக்கித் திரும்பி மாள்கின்றது. இக்காரணத்தாலும் பொரிப்பகம் வேண்டப்படுகின்றது.

எனினும் பொரிப்பகமே முழுக் காவலன்று. 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலே நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்தொதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையிற் சிக்கி மேலெழ இயலாதாயின் மூழ்கி இறக்கும். தாய் மடியின், வரும் ஆண்டில் காப்பதற்கு முட்டை ஏது? ஆதலின் இழுவைப் படகுகள் கரையினின்று 5 கடல்மைல் எல்லைக்கு அப்பால் நிற்பதும், ஆமை தப்பும் வழியை வலையில் அமைப்பதும் இன்றியமையாதன.

வலையைத் திருத்துதல் அரசினர்க்கும் மீனவர்க்கும் உரியது. கடற்கரை விளக்குகளை அப்பருவத்தில் அணைத்து வைத்தலோ நகரத்தாராகிய நம் அனைவர்க்கும் எளிது. கரை மீண்டும் இருளுமாயின், குஞ்சுகள் தாமே கடலுக்கு வழி காணும். அந்நாளில் நம் காவல் வேண்டப்படாது. அதுவே இக்காவலின் வெற்றியாகும்.