உழைச்செல்வாரும் புகை விடுதலும்

முன்னுரை

நோய் தீர்க்கும் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று கூறித் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நிறைவுறுகின்றது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றும் எளிதில் நம் நினைவிற்கு வரும். நான்காமவனாகிய உழைச்செல்வானை மட்டும் மறந்துவிடுகின்றோம். 'உழை' என்பது பக்கம் எனப் பொருள்படும் சொல். நோயாளியின் பக்கத்திலிருந்து துணைபுரிபவரே உழைச்செல்வார். புகைப்பழக்கத்தை விட முயல்வோர்க்கு இவர் எத்துணை இன்றியமையாதவர் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழக்கத்தின் வலிமை

திருவிடைமருதூரில் நடவுக்குச் செல்வோர்க்கும், அருகிலுள்ள திருபுவனத்துத் தறிகளில் அமர்வோர்க்கும் விடியற்காலைத் தேநீரோடு பீடியும் வேண்டும். சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்பார் உளர். அது தவறு. பீடி இலை காற்றை எளிதில் புகவிடாது. அணையாதிருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க நேர்வதால் நச்சும் மிகுதியாக உட்செல்கின்றது.

நிகோடினுக்குப் பழகிய உடல், அது கிடைக்காதபோது எரிச்சலும் உறக்கமின்மையும் கொள்ளும். முதற்சில நாள்களில் மிகும் இத்தொல்லை, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரிதும் தணியும். 2016-17ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வில், புகைப்போருள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் விட்டுவிட எண்ணியிருந்தமை தெரியவந்தது. விருப்பம் பலரிடம் உண்டு, துணைதான் இல்லை.

எம் வீட்டில் கண்டது

எம் பெரியத்தா நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்தவர். மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் பீடிக்கட்டோடு சேர்த்தே சட்டைப்பையில் வைத்திருந்தார். பேரப்பிள்ளையின் தடுப்பூசிக்காக வந்த கிராம சுகாதாரச் செவிலியர் எம் ஊர்ப் பெண், வேற்றுச் சமயத்தவர். வரும்போதெல்லாம், "அத்தா, இன்னிக்கு எத்தனை பீடி?" என்று சினமின்றிக் கேட்பார்.

ரமலான் வந்தது. "பகல் முழுக்கத் தொடாம இருக்கீங்களே அத்தா, அந்தப் பலம் உங்ககிட்டயே இருக்கு. நோன்பு திறந்து கஞ்சி குடிச்ச பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்றார் அவர். பெரியத்தா அவ்வாறே நாளும் நேரத்தை நீட்டினார். பெருநாளன்று விருந்தினரோடு மீண்டும் பற்றவைத்தார். செவிலியர் கடிந்துகொள்ளவில்லை. "தவறினது ஒரு நாள்தானே, நாளைக்குத் தொடங்குவோம்" என்றார். மறு ஆண்டு நோன்பில் விட்டவர் பின்னர்த் தொடவேயில்லை. ஆயினும் நுரையீரல் முன்னரே நலிந்திருந்தது. இன்னும் பத்தாண்டு முன்னதாக எவரேனும் அப்படிக் கேட்டிருக்கலாகாதா என்று இன்றும் எண்ணி வருந்துகின்றோம். கேளாதவருள் நாமும் ஒருவர்.

ஐந்து படிகள்

மருத்துவ நூல்கள் இப்பணியைக் கேட்டல், அறிவுறுத்தல், மனநிலை அறிதல், உதவுதல், தொடர்தல் என ஐந்தாகப் பகுக்கும். அச்செவிலியர் செய்தவை இவையே. கேட்பது எவர்க்கும் எளிது. தவறியபின் மீண்டும் வந்து தொடர்வதே அரிது. பக்கத்தில் வாழ்பவர்க்கே அது இயலும். நோன்பைத் துணையாக்கும் நுட்பமும் நம் வாழ்வை அறிந்தவர்க்கே தோன்றும்.

பிற சான்றுகள்

ஆஸ்திரேலியாவில் 2010 முதல் பழங்குடி மக்களின் புகைப்பழக்கத்தைக் குறைக்கும் திட்டம் நடைபெறுகின்றது. அம்மக்களுள் ஒருவரான நலப்பணியாளர்களே அதில் பெரும்பங்கு வகிக்கின்றனர். அங்குப் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பழங்குடியினருள் நாள்தோறும் புகைப்போர் 2018-19இல் 37 விழுக்காட்டினர். 2022-23இல் 29 விழுக்காட்டினர். வரியும் சட்டமும் இதற்குக் காரணமாயினும், தம்மவர் சொல்லுக்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. இதன் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகளை வீடுதேடித் தருகின்றனர். உள்ளூர்ப் பெண்களாகிய இவர்கள், "இன்னிக்கு எத்தனை?" என்னும் வினாவையும் உடன் கொண்டுவந்தால் பயன் பெருகும்.

முடிவுரை

புகை விடுவோர்க்கு உதவ 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி 2016 முதல் உண்டு. அவ்வெண்ணைத் தந்தையர்க்கும் மாமன்மார்க்கும் எடுத்துச் சொல்வதோடு மாணவர் கடமை முடிவதில்லை. மறுநாளும் சென்று கேட்டல் வேண்டும். குறளில் நாம் படித்த நான்காமவர் நம் தெருவிலும் தேவைப்படுகின்றார்.