கேடட்டுக்கும் டிராஃப்ட் உண்டா?

பொங்கல் லீவுல வைகை அணை பார்க்ல உட்கார்ந்திருந்தோம். கூட இருந்த நண்பன் சி.டி.எஸ். எழுதப்போறான், சென்னை ஓ.டி.ஏ.தான் குறி. அவன் அண்ணன் அமெரிக்காவில் எம்.எஸ். "டேய், அங்க எல்லா பசங்களும் டிராஃப்ட்டுக்குப் பேர் பதியணுமாமே, மிலிட்டரி அகாடமில படிக்கிறவனுமா? அப்ப எங்கண்ணன்?"னு கேட்டான். எனக்குத் தெரியலை. வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றுவிட்டது. ஆனால் 1980இலிருந்து பதிவு மட்டும் உண்டு. 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, இதில் வருவார்கள். மாணவர் விசாவில் முறையாக இருப்பவருக்கு இது தேவையில்லை. அண்ணன் தப்பிச்சார்.

வெஸ்ட் பாயிண்ட் கேடட்டும் பதிய வேண்டாம். ஏன்னா சட்டப்படி அவர் ஏற்கெனவே ராணுவப் பணியில் இருக்கிறவர். 26 வயதுக்கு முன் பாதியில் வெளியேறினால் பதிந்தாகணும். சாதாரண காலேஜில் படித்துக்கொண்டே ஆர்.ஓ.டி.சி. பயிற்சி எடுப்பவரோ பதியணும். யூனிஃபார்ம் போட்டாலும் அவர் இன்னும் சிவிலியன்தான்.

நம்ம ஊரில் டிராஃப்ட்டே கிடையாது. பொதுநலனுக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசியலமைப்பின் 23(2) இடம் தருகிறது, அவ்வளவுதான். என்.சி.சி.யில் இருப்பதால் மட்டும் யாரையும் போருக்கு அனுப்ப முடியாதுன்னு 1948 சட்டமே சொல்லுது. நம்ம பரேடு எல்லாம் 'பி', 'சி' சர்டிஃபிகேட்டோடு சரி.

ஆனால் "கேடட் சிப்பாயா, மாணவனா?" என்ற அதே கேள்வி இங்கே வேற இடத்துல கடிக்குது. ஓ.டி.ஏ.யில் மாதம் 56,100 ரூபாய் தர்றாங்க. அதற்குப் பெயர் சம்பளம் இல்லை, ஸ்டைபண்ட். பயிற்சியில் அடிபட்டு மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவர், கமிஷன் ஆகாததால் முன்னாள் ராணுவத்தினர் கணக்கில் வரமாட்டார். மாதாமாதம் ஒரு கருணைத்தொகை வரும், பென்ஷன் இல்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் (நீதிபதிகள் நாகரத்னா, மகாதேவன்) இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த மாதக் கடைசியிலேயே இவர்களுக்கும் இ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி உண்டுன்னு மத்திய அரசு அறிவித்தது.

சி.டி.எஸ். அறிவிப்பின் பின்பக்கங்களை யாரும் படிக்கிறதில்லை. பயிற்சியில் காயம்பட்டால் இழப்பீடு கேட்க மாட்டோம்னு கேடட்டோ பெற்றோரோ கையெழுத்துப் போடணும்னு அதுல இருக்கு. நண்பனுக்கு அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அம்மாகிட்ட இதை எப்படிடா காட்டுறது"னு ரிப்ளை வந்துச்சு. அப்ளிகேஷனை மட்டும் வாபஸ் வாங்கலை.