பாம்பின் சட்டை

சென்னை மாநகரின் வடகோடியில், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் அமைய நடுவே நீண்டு கிடக்கும் ஊர் காத்திவாக்கம். 2011ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக விளங்கிய இவ்வூர், அதன்பின் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஊருக்கு வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் உள்ளது. ஒருபால் ஆலைகளின் புகைபோக்கிகள் ஓங்கி நிற்கும். மற்றொருபால் மீனவர் வலை உலர்த்துவர். இருளர் நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பர். சேற்று நிலமும் முட்புதரும், எலியும் தவளையும் உள்ள இடத்தில் பாம்பும் இருத்தல் இயல்பே.

இத்தகைய ஊர்களில் வேலியோரத்திலும் கருங்கல் குவியலிடையிலும் வெளிறிய மெல்லிய உறையொன்று சிக்கிக் கிடப்பதைச் சிறுவர் காண்பதுண்டு. ‘பாம்புச் சட்டை!’ என்று கூவிக்கொண்டு அவர்கள் ஓடுவர். பெரியோரிலும் பலர் அதனைத் தொட அஞ்சுவர். அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லை. உரியில் நஞ்சு கிடையாது. பண்டைப் புலவர் அதனைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். பொருநராற்றுப்படையில், கரிகாற் பெருவளத்தான் பொருநனுக்கு அளித்த நுண்ணிய ஆடைக்குப் பாம்பின் உரியே உவமையாகக் கூறப்பட்டுள்ளது. நெய்த இழை கண்ணுக்குப் புலப்படாத மென்மைக்கு அதனினும் சிறந்த உவமை கிடைத்தல் அரிது.

பாம்பு ஏன் சட்டை உரிக்கிறது? நம் தோலும் உரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயின், நாள்தோறும் சிறுசிறு துகள்களாக உதிர்வதால் நாம் அதனை உணர்வதில்லை. பாம்புத் தோலின் மேற்பரப்பு, நம் நகத்தையும் மயிரையும் ஆக்கும் கெரட்டின் என்னும் பொருளால் ஆயது. அது உயிரற்றது, உடல் வளர்ந்தாலும் தான் வளராது. ஆகவே உள்ளே புதுத்தோல் முற்றியதும், பழையது மொத்தமாகக் கழல வேண்டும். விரைந்து வளரும் இளம்பாம்பு ஆண்டில் பலமுறை உரிக்கும். முதிர்ந்த பாம்பு சிலமுறையே உரிக்கும். காயமுற்ற பாம்பு வழக்கத்தினும் அடிக்கடி உரிப்பதும் உண்டு.

உரிக்கும் காலம் நெருங்கினால் பாம்பின் நிறம் மங்கும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒருவகை நீர் ஊறும். அந்நீரால் கண்கள் பால் கலந்தாற்போல நீலம் பூத்து ஒளியிழக்கும். பாம்புக்கு இமை இல்லை. தெளிந்த செதில் ஒன்றே கண்ணின்மேல் மூடியாக அமைந்துள்ளது. அதுவும் தோலின் பகுதியாதலின், சட்டையோடு அதுவும் கழல வேண்டும். சில நாள்கள் பாம்பு பார்வை குன்றி, இரையை வெறுத்து, மறைவில் ஒடுங்கிக் கிடக்கும். எளிதில் சீற்றங்கொள்ளும் காலமும் இதுவே. பின்னர்க் கண் மீண்டும் தெளியும். அதற்குச் சில நாள்களில் அது வெளிப்பட்டு, கல்லிலோ வேரிலோ முகத்தை உராயும். உதட்டோரத்தில் தோல் விட்டதும், அவ்விளிம்பு எதன்மீதேனும் சிக்க, பாம்பு முன்னோக்கி நகரும். தலையணையிலிருந்து உறையை உருவும்போது உட்புறம் வெளியாவது போலச் சட்டை புரண்டு, தலை முதல் வால் வரை ஒரே துண்டாகக் கழலும். செதில்களிடையே மடிந்திருந்த பகுதி விரிவதால், உரி பாம்பினும் சற்று நீண்டிருக்கும்.

எல்லாப் பாம்புக்கும் எப்பொழுதும் இது எளிதாக முடிவதில்லை. காற்று வறண்டாலும், பருகுவதற்கு நீரின்றி உடல் வற்றினாலும், நோயோ காயமோ உண்ணிக் கடியோ உற்றாலும், சட்டை துண்டு துண்டாய்ப் பிய்ந்து உடலில் ஒட்டிக்கொள்ளும். கடற்காற்று வீசும் காத்திவாக்கத்தின் புதரில் வாழும் பாம்புக்கு ஈரத்துக்குக் குறைவில்லை. அப்பாம்பையே பிடித்துத் தகரப் பெட்டியிலோ உலர்ந்த கூடையிலோ அடைத்தால், அந்நிலை மாறிவிடும். வால் நுனியில் எஞ்சிய தோல் வளையமாய் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நாளடைவில் நுனி அழுகி விழும். கண்மூடி கழலாது நின்று, அடுத்த முறையும் அதன்மேல் மற்றொன்று படிந்தால், பார்வைக்கே கேடு நேரலாம்.

இவ்விடத்தில் இரக்கமுள்ள மனிதனின் கை பரபரக்கும். பிய்ந்து தொங்கும் தோலைப் பற்றி இழுத்துவிட்டால் பாம்புக்கு நலம் என்று அவன் எண்ணுவான். அதுவே பெருந்தவறு. பழையது தானாக விடுபடாத இடத்தில், அடியிலுள்ள புதுத்தோலும் அதனோடு கிழிந்து வரும். புண் சீழ் பிடிக்கும். கண்மூடியை நகத்தாலோ இடுக்கியாலோ பெயர்க்க முற்பட்டால் கண்ணையே இழக்க நேரும். பாம்புகளைப் பேணி அறிந்தோர் செய்வது வேறு. காற்றுத் துளையிட்ட பெட்டியில் ஈரத்துணியைப் பரப்பி, அதனுள் பாம்பைச் சிறிது நேரம் கிடக்கவிடுவர். அல்லது பாம்பின் உடல் தடிப்புக்கு மிகாத ஆழமுள்ள வெதுவெதுப்பான நீரில் அதனை ஊறவைத்து அருகே காவலிருப்பர். தோல் இளகியபின், ஈரத்துணியின் மடிப்புகளூடே அதனைத் தானாக ஊர்ந்து செல்ல விடுவர். ஊர்தலின் உராய்வே உரிக்கும் வேலையைச் செய்துவிடும். கண்மூடி எஞ்சினால் கை வைக்காமல் அடுத்த உரிப்பு வரை பொறுத்திருப்பர். அப்பொழுதும் கழலாவிடின் கால்நடை மருத்துவரை நாடுவர்.

புற்றில் பால் ஊற்றும் வழக்கம் பற்றியும் இங்கு ஒரு சொல். பால் பாம்பின் உணவன்று. பாம்பாட்டியின் கூடையில் பல நாள் நீரின்றி வாடிய பாம்பே, வேட்கை மிகுதியால் கிண்ணத்துப் பாலில் வாய் வைக்கும். அத்தகைய பாம்புக்குச் சட்டை சரிவரக் கழலாதது வியப்பன்று.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடந்தரவில்லை. எனவே, முன்னர்க் கூறிய உதவிகள் வீட்டார்க்கு உரியன அல்ல. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்புத் துறையினர்க்கோ வனத்துறையினர்க்கோ அறிவித்தல் வேண்டும். அதே 1972ஆம் ஆண்டில்தான் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணை சென்னைக் கிண்டியில் அமைந்தது. பாம்பைக் கண்டதும் தடி தேடிய மக்கள், அங்கே அஞ்சாது நின்று அதனை நோக்கக் கற்றனர்.

அக்காலத்தில் பாம்புத் தோலுக்கு அயல்நாடுகளில் விலை இருந்தது. கைப்பையும் செருப்பும் செய்தற்பொருட்டு எண்ணற்ற பாம்புகள் கொல்லப்பட்டன. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பலர்க்கு அதுவே பிழைப்பாக இருந்தது. 1976இல் அவ்வேற்றுமதி தடைசெய்யப்பட்டபோது அவர்கள் வாழ்வு தடுமாறியது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள அச்சங்கத்தில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்துப் பேணி, பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுக்கின்றனர். அவ்வினத்தவரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரு பாம்பிடம் மூன்று நான்கு வாரங்களுக்குள் சிலமுறையே நஞ்சு எடுப்பர். பின்னர் அதனைக் காட்டில் விடுவர். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இடுவர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் கையில் அகப்பட்டால், அதனை வருத்தாது விட்டுவிடுவர். அவ்வடையாளத்தை எவரும் அழிக்க வேண்டுவதில்லை. காட்டில் அப்பாம்பு சிலமுறை சட்டை உரித்தபின், அது தானே மறைந்துவிடும்.