பிரிண்டர் மக்கர் செய்தால்: சர்வீஸ் ஆளை அழைக்கும் முன்

 

கல்வி உதவித்தொகை, வருமானச் சான்று, ஹஜ் விண்ணப்பம், உலமா நலவாரிய மனு என எதை எடுத்தாலும் கணினியில் நிரப்பிய பின் ஒரு தாள் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. கடைசி நாளன்று பிரிண்டர் நின்றுவிட்டால் ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புச் செலவே கேள்விக்குறியாகிவிடும். ஆனால் நாம் அன்றாடம் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை பாகம் உடைந்ததால் வருபவை அல்ல. எங்கே தடைபட்டிருக்கிறது என்று தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் நாமே சரிசெய்துவிடலாம். அதற்கான பாடம் இது.

முதல் சோதனை

ஜெராக்ஸ் வசதியும் சேர்ந்த பிரிண்டர் என்றால், கணினியைத் தொடாமல் ஏதேனும் ஒரு தாளை அதன் கண்ணாடியில் வைத்து நகல் பொத்தானை அழுத்துங்கள். நகல் நன்றாக வந்தால் இயந்திரம், மை, தாள் மூன்றும் சரி. குறை கணினியிலோ, இணைப்பிலோ, கோப்பிலோ இருக்கிறது. நகலும் வராவிட்டால், அல்லது மங்கலாக வந்தால், குறை இயந்திரத்தில். இதைப் பிரித்தறிந்த பிறகே அடுத்த வேலையில் இறங்க வேண்டும்.

நகல் வருகிறது, பிரிண்ட் வரவில்லை

'ஆஃப்லைன்' என்று காட்டினால் கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். வைஃபை பிரிண்டர் என்றால், கணினியும் அதுவும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு மறந்துவிடுவது வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

பிரிண்ட் கொடுத்ததும் கோப்புக்குப் பெயர் கேட்டால், பட்டியலில் உங்கள் பிரிண்டருக்குப் பதில் 'பிரிண்ட் டு பி.டி.எஃப்' தேர்வாகியிருக்கிறது என்று பொருள். மாற்றினால் போதும்.

வரவில்லையே என்று பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் வரிசையில் ஒரு வேலையாகச் சேரும். தடை நீங்கியதும் பத்துப் பிரதிகள் கொட்டும். வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். ரத்தாகாமல் அப்படியே நின்றால் பிரிண்டரை அணைத்து, கணினியையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

தாள் இருந்தும் 'தாள் வையுங்கள்' என்று கேட்டாலோ, அடிவரி வெட்டுப்பட்டாலோ, தாள் அளவைப் பாருங்கள். நாம் வைப்பது ஏ4, 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். கணினியில் அமெரிக்க 'லெட்டர்' அளவு தேர்வாகியிருந்தால் அதன் நீளம் 279 மி.மீ. மட்டுமே.

நகலும் சரியாக வரவில்லை

தாள் சிக்கினால் முதலில் அணையுங்கள். தாள் செல்லும் திசையிலேயே இரு கையாலும் மெல்ல இழுங்கள். கத்தரி, ஊசி கூடாது. கிழிந்த துண்டு ஒன்று உள்ளே தங்கினாலும் அடுத்த தாளும் சிக்கும். லேசர் பிரிண்டரில் மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை கடுமையாகச் சூடேறும் என்பதால், ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தச் சிக்கல் கூடும். மழைக்கால ஈரம் பட்டுப் பாவை என்ன செய்யும் என்று நம் ஊர்த் தறிக்காரர்களுக்குத் தெரியும், தாளும் அப்படித்தான். ஈரம் குடித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸும் ஒரே முறையில் இயங்குபவை. 1938-இல் நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் கண்டறிந்தபடி, நிலைமின்சாரத்தால் உலர்ந்த தூளைத் தாளுக்கு ஈர்ப்பதே அம்முறை. ஈரத்தாளில் மின்னேற்றம் நிற்காது. எழுத்து மங்கும், திட்டுத்திட்டாகும். எனவே 500 தாள் கட்டைப் பிரித்ததும் மீதியை உறையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

இங்க்ஜெட்டில் வரிவரியாக வெள்ளை விழுந்தால் மைத்துளைகள் அடைத்திருக்கின்றன. முதலில் 'நாசில் செக்' எடுத்துப் பாருங்கள். கோடுகள் விட்டிருந்தால் மட்டும் ஒருமுறை 'ஹெட் கிளீனிங்' கொடுங்கள். ஒவ்வொரு முறையும் மை செலவாகிறது. இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடராமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். வாரம் ஒரு வண்ணப்பக்கம் எடுத்தால் மை காயாது. அணைக்கும்போது சுவர் சுவிட்சை அல்ல, பிரிண்டரின் பொத்தானை அழுத்துங்கள். அப்போதுதான் மைத்தலை தன் மூடிக்குள் சென்று நிற்கும்.

எழுத்து உடைந்து வந்தால்

வீட்டில் நன்றாகத் தெரிந்த தமிழ், கடையில் கட்டங்களாகவோ ஆங்கிலக் குறிகளாகவோ வந்தால் பிரிண்டர் மேல் குற்றமில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றது. நாமும் அதிலேயே தட்டுவோம். வெளியே எடுத்துச் செல்லும் கோப்பை பி.டி.எஃப் ஆக்குங்கள். அரபி எழுத்துகள் இணையாமல் தனித்தனியாக வருவதற்கும் பெரும்பாலும் இதுவே மருந்து.

தாளும் அமானிதம்

சோதனைக்கு ஆயத்துகளோ அல்லாஹ்வின் திருநாமமோ உள்ள பக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். பிரிண்டரிலேயே உள்ள சோதனைப் பக்கம் போதும். அப்படிப்பட்ட தாள் பழுதாகிவிட்டால் குப்பையில் போடாமல் தனியே எடுத்து வைத்து, நம் பள்ளிவாசல் இமாமிடம் ஒப்படையுங்கள்.

இன்னொன்று. வரிசையில் நின்றுபோன ஜகாத் பயனாளர் பட்டியல், மறுநாள் வேறொருவர் முன்னிலையில் வெளியே வந்து விழலாம். பாதி அச்சான ஆதார் நகல் கடலை மடிக்கப் போகலாம். இல்லாமையை யாருக்கும் சொல்லாமல் நம்மிடம் மட்டும் வந்து சொன்னவரின் மானம் அந்தத் தாளில் இருக்கிறது. எனவே எழுந்து போகும் முன் வரிசையைக் காலி செய்யுங்கள்; பழுதான தாளைக் கிழித்துப் போடுங்கள்; கண்ணாடிக்கு அடியில் யாருடைய அசலாவது தங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓடாவிட்டால் சர்வீஸ் ஆளை அழையுங்கள். நகல் வந்ததா, திரையில் என்ன செய்தி வந்தது என்ற இரண்டையும் அவரிடம் சொன்னால் அவருக்கு வேலையும் நமக்குச் செலவும் குறையும். விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே எடுத்து வைத்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், எந்தப் பிரிண்டரும் நம் பிள்ளைகளின் படிப்பைத் தடுக்காது.