வாசகம் முதலில், புனிதர் அடுத்து

எங்கள் பக்கத்தில் புனிதர் திருநாள் என்றால் கொடியேற்றம், நவநாள், சப்பரம், அசனம் என்று ஊரே திரண்டுவிடும். அன்று வாசித்த நற்செய்தி எது என்று மாலையில் கேட்டால் பலருக்கு நினைவிருக்காது. தினமும் விவிலியம் படிக்கும் வேறு சிலருக்கோ புனிதர்கள் என்றால் நேர்ச்சை, மெழுகுதிரி என்ற அளவில் ஓர் அலட்சியம். பங்கில் வாசகராகவும் அன்பியத்தில் ஒருவராகவும் நீண்ட காலம் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இவை இரண்டு தனித்தனிப் பக்திகள் அல்ல. விவிலியத்தின் ஏதோ ஒரு வரியை வாழ்ந்தே காட்டியவர்தான் புனிதர். இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க எனக்கு உதவிய சில வழிகள் இங்கே.

1. நாளின் தகுதியைப் பாருங்கள்

திருவழிபாட்டு நாள்காட்டியில் புனிதரின் பெயருக்குப் பக்கத்தில் பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெருவிழாவுக்கும் விழாவுக்கும் சொந்த வாசகங்கள் உண்டு. நினைவு நாள்களில் பெரும்பாலும் வார நாள் வாசகமே தொடரும். தகுந்த காரணமின்றி அதை அடிக்கடி விட்டுவிடக் கூடாது என்று திருப்பலி நூலின் பொது விதிமுறையே குருக்களுக்குச் சொல்கிறது. இது புரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1969-இல் வந்த வாசக ஒழுங்கின்படி, ஆண்டின் பொதுக்காலத்தில் வார நாள் நற்செய்தி எல்லா ஆண்டுக்கும் ஒன்றுதான்: முதல் ஒன்பது வாரம் மாற்கு, பத்து முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. முதல் வாசகம் மட்டும் ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டுக்கு ஒன்று. இந்தத் தொடர்ச்சியை விடாமல் பிடித்துக்கொண்டால் புனிதர்கள் வழியில் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

2. நற்செய்தியைப் படித்த பிறகே புனிதர் வரலாறு

வரலாற்றை முதலில் படித்தால் மனம் புதுமைகளிலேயே நின்றுவிடுகிறது. நற்செய்தியைப் படித்துவிட்டுப் போனால் அதே வரலாறு வேறு விதமாகப் பேசும்.

அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாள் பிப்ரவரி 4. அந்தத் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் ஆண்டுகளில், வார நாள் வரிசைப்படி அன்றைக்கு உரிய நற்செய்தி மாற்கு 6:14-29. ஏரோதின் முறைகேடான திருமணத்தைக் கண்டித்ததால் திருமுழுக்கு யோவான் தலை வெட்டப்பட்ட பகுதி அது. அருளானந்தரின் சாவுக்கும் காரணம் ஒரு திருமண விவகாரம்தான். திருமுழுக்குப் பெற்ற மறவர் இளவரசர் தடியத்தேவர் ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அதனால் மன்னருக்கு எழுந்த கோபம் வளர்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 2022-இல் இந்த நாளும் வாசகமும் ஒன்றாக வந்தன, 2028-இலும் வரும். மாற்குவைப் படித்துவிட்டு ஓரியூருக்குப் போகிறவர், அவர் இரத்தம் சிந்திய இடத்தின் செம்மண்ணை வெறும் நேர்ச்சைப் பொருளாகப் பார்க்க மாட்டார்.

எல்லா நாளும் இப்படிப் பொருந்தாது. பொருந்தாத நாளில் இழுத்துக் கட்ட வேண்டாம். “இந்தப் புனிதர் இந்த வாசகத்தைக் கேட்டிருந்தால் எந்த வரியில் நின்றிருப்பார்?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. புனிதர் விவிலியத்தில் இருந்தால் அந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள்

நினைவு நாளாக இருந்தாலும் சிலருக்குத் தனி வாசகம் உண்டு. ஜூன் 11 பர்னபாவுக்குத் திருத்தூதர் பணிகள் 11-ஆம் அதிகாரம். ஜூலை 29 மார்த்தா, மரியா, இலாசர் மூவருக்கும் யோவான் 11 அல்லது லூக்கா 10. முன்பு மார்த்தாவுக்கு மட்டும் இருந்த அந்த நாளை 2021-இல்தான் மூவருக்கும் உரியதாக்கினார்கள். ஜூலை 22 மகதலா மரியாவின் நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் விழாவாக உயர்த்தினார். அன்றைய யோவான் 20-ஐ வீட்டில் ஒரு பெண் உரக்க வாசிக்கட்டும். உயிர்ப்பின் செய்தியை முதலில் சுமந்து சென்றது யார் என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் விளங்கும்.

4. புனிதரை அவர் நாளில் மட்டும் தேடாதீர்கள்

எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். ஒரு புனிதரைத் திருப்பிப் போட்ட வாசகம் வேறு மாதத்தில் வரலாம். அன்றும் அவரை நினையுங்கள்.

வனத்து அந்தோனியார் நாள் ஜனவரி 17. உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு செல்வரான இளைஞரிடம் சொல்லும் பகுதி கோவிலில் வாசிக்கப்படக் கேட்டுத்தான் அவர் எல்லாவற்றையும் விட்டார். அந்த மத்தேயு 19, வார நாள் வரிசையில் 20-ஆம் வாரத் திங்களன்று, அதாவது ஆகஸ்டில் வருகிறது.

தேவசகாயத்தின் நாள் ஜனவரி 14. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள். வீட்டில் இழப்பு மேல் இழப்பு வந்து சோர்ந்திருந்தவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது யோபுவின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றதற்கு அதுவே தொடக்கம். யோபு நூல் இரட்டைப்படை ஆண்டுகளில் 26-ஆம் வாரம், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ, முதல் வாசகமாக வரும். கடன், நோய், வேலை இழப்பு என்று தவிக்கும் குடும்பம் உங்கள் அன்பியத்தில் இருந்தால், அந்த வாரம் அவர்கள் வீட்டில் கூடி யோபுவைப் படித்து, தேவசகாயத்தின் கதையைச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேறு வார்த்தை தேட வேண்டியிருக்காது.

5. தவக்காலத்தில் புனிதர் ஒதுங்கி நிற்பார்

மார்ச் 7 பெர்பேத்துவா, பெலிசித்தா போன்றோரின் நினைவு தவக்காலத்துக்குள் விழுந்தால், திருப்பலியின் தொடக்க மன்றாட்டோடு அது முடிந்துவிடும். வீட்டிலும் அப்படியே வையுங்கள். சூசையப்பர் போன்ற பெருவிழாக்கள் விலக்கு. ஆனால் அவையும் நகரும். 2023-இல் மார்ச் 19 தவக்கால ஞாயிறு என்பதால் சூசையப்பர் திங்களுக்குப் போனார். 2024-இல் மார்ச் 25 புனித வாரத்தில் விழுந்ததால் மங்கள வார்த்தைத் திருநாள் ஏப்ரல் 8-க்குப் போனது. அதனால் தேதியை மனப்பாடமாக நம்பாமல் அந்தந்த ஆண்டின் நாள்காட்டியைப் பாருங்கள்.

6. ஊர்த் திருவிழா நாள்களில் கூடுதல் கவனம்

தினசரி வாசகம் அதிகம் விட்டுப்போவது கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் நடுவில்தான். விருந்தினர், சமையல், வரி வசூல், நவநாள் தலைப்பு எல்லாம் சேர்ந்து காலைப் பொழுதை விழுங்கிவிடும். அந்த நாள்களில் நற்செய்தியை விடியற்காலையிலேயே படித்துவிடுவது நல்லது. கோட்டாற்றுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் டிசம்பர் 3 சவேரியார் நாளுக்குரிய மாற்கு 16:15-20-ஐ வண்டி ஏறும் முன் வாசித்துவிட்டுப் போகலாம். உலகெங்கும் சென்று நற்செய்தியைப் பறைசாற்றுங்கள் என்ற கட்டளையை ஏற்று ஒருவர் முத்துக்குளித்துறை வரை வந்தார் என்பது தேரின் முன் நிற்கும்போது நினைவில் இருக்கும்.

7. வீட்டில் செய்வதற்கு

மாலைச் செபத்தில் ஐந்து நிமிடம் போதும். ஒருவர் நற்செய்தியை வாசிக்கட்டும். இன்னொருவர் புனிதரைப் பற்றி மூன்றே வாக்கியம் சொல்லட்டும். சின்னப் பிள்ளைகளிடம் இன்று பூசை உடை என்ன நிறம் என்று கேளுங்கள். சிவப்பு என்றால் மறைசாட்சி, வெள்ளை என்றால் மற்றப் புனிதர் என்று விரைவில் பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் ஒவ்வொருவரின் பெயர்கொண்ட புனிதர் நாளிலும் அவரே வாசகம் வாசிக்கட்டும். கேக்கைவிட அந்த உரிமை பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

எல்லாப் புனிதரையும் கொண்டாட வேண்டும் என்ற அவசியம் இல்லை. வாசகம் தினமும் வேண்டும். புனிதர் வருகிற நாளில் வரட்டும். நாளைக் காலை நாள்காட்டியைத் திறந்ததும் முதலில் நற்செய்திப் பகுதியின் எண்ணைப் பாருங்கள், பிறகு புனிதரின் பெயரைப் பாருங்கள். ஓர் ஆண்டு இந்த வரிசையில் நடந்து பாருங்கள். திருவிழாவும் விவிலியமும் உங்கள் வீட்டில் தனித்தனியாக இருக்காது.